கோட்டில் பதினாறு பேர்

ஜூன் 18, புதன்

பதினாறு பேர் நிற்கும் வரிசையில் ‘பதினேழு’ என்று சொன்னது யார்? எழுதிவைத்துவிட்டால் பிறகு நிதானமாக யோசிக்கலாம் என்றுதான் அலமாரியில் கிடந்த இந்த டைரியை எடுத்தேன். பதினோரு வருடம் பழைய டைரி. ஆகஸ்ட் இருபதாம் தேதி வரை எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுத்தாள். அச்சிட்ட தேதிகளை அடித்துவிட்டு எழுதுகிறேன். தாள் வீணாக வேண்டாம்.

நடந்தது இதுதான். இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு நான்கு மூங்கில் வில்கள் வந்திருக்கின்றன. மே மாதம் சென்னையில் பத்து நாள் வில்வித்தைப் பயிற்சிக்குப் போய்வந்தேன். நாற்பத்தொன்பது வயதில் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம். ஆனால் பெண்கள் பள்ளியில் இருக்கும் ஒரே உடற்கல்வி ஆசிரியை நான்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்துத் திங்கள், புதன், வெள்ளி கடைசிப் பீரியடில் சொல்லிக்கொடுக்கிறேன். நான்கு இலக்குகள். ஒரு வில்லுக்கு நான்கு பேர், ஒருவருக்கு மூன்று அம்பு.

விதிகளை முதல் நாளே மனப்பாடமாக்கிவிட்டேன். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு விசில் என்றால் எய்யலாம். மூன்று விசில் என்றால் போய் அம்பை எடுக்கலாம். எடுத்துத் திரும்பியதும் எல்லோரும் வரிசையில் நின்று எண் சொல்ல வேண்டும். அப்போது நான் அவர்களுக்கு முதுகு காட்டி, இலக்குகளைப் பார்த்தபடி நிற்பேன். காதில் எண்ணிக்கை, கண்ணில் மைதானம். பதினாறு முழுதாகக் கேட்காமல் விசிலை உதட்டில் வைப்பதில்லை.

இன்று மூன்றாவது சுற்றுக்கு முன் பதினாறு வந்தது. அதற்குப் பின்னால் ‘பதினேழு’ வந்தது.

திரும்பிப் பார்த்தேன். பதினாறு பேர்.

“டீச்சர், முப்பிடாதி ரெண்டு சொல்லிட்டா” என்றாள் ஆசியா.

“ஏட்டி, நான் ஒண்ணுதான் சொன்னேன்” என்றாள் முப்பிடாதி. உயரத்தின்படி நிற்கிறார்கள். அவள்தான் கடைசி.

மறுபடி எண்ணச் சொன்னேன். பதினாறுதான்.

ஜூன் 20, வெள்ளி

குறும்பு. பதினான்கு வயதுப் பெண்கள் பதினாறு பேரை ஒரு வரிசையில் நிறுத்திவிட்டு முதுகைக் காட்டினால் வேறு என்ன நடக்கும்? இன்று இரண்டு முறை ‘பதினேழு’ வந்தது. நான் எதுவும் கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். கவனிக்காவிட்டால் குறும்பு தானாக அடங்கும்.

ஆசியாவின் அம்பு இலக்குக்கு மேலே போய், வலையையும் தாண்டி வேப்பமரத்தில் குத்தி நின்றது. “மரத்துக்கு ஊசி போட்டுட்டா டீச்சர், இனிமே காய்ச்சல் வராது” என்றார்கள். இலக்குகளுக்குப் பின்னால் பச்சை வலை, வலைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே நாலு எட்டு அகலத்துக்குப் புல். அங்கே யாரும் தனியாகப் போகக் கூடாது என்று மறுபடி சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

அடங்கவில்லை. இன்று சோதித்துப் பார்த்தேன். வரிசையைக் கலைத்து முப்பிடாதியை ஐந்தாவதாக நிறுத்தினேன். ஜெபக்கனி கடைசி. ஜெபக்கனிக்குக் கீச்சுக்குரல். அவள் ‘பதினாறு’ சொன்னதும் அதற்கும் அப்பாலிருந்து ‘பதினேழு’ வந்தது. கீச்சுக்குரல் இல்லை. முப்பிடாதியின் கனத்த குரலும் இல்லை. எங்கிருந்தோ ஓடிவந்து வரிசையில் சேர்ந்தவள், மூச்சு வாங்கியபடி சொல்வது மாதிரி இருந்தது.

குரல்களில் நான் தவறுவதில்லை. எம்.பில். படிப்பில் என் ஆய்வே ஒலிக்குறிப்புக்கு ஓட்டக்காரர்களின் எதிர்வினை பற்றியது. இரண்டு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

பழையபடி உயர வரிசைக்கே மாற்றிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

எதிரொலியாக இருக்குமோ என்று பள்ளி விட்டபின் டேப்பை எடுத்து அளந்தேன். வரிசையிலிருந்து புதுக் கட்டடத்தின் சுவர் அறுபத்திரண்டு மீட்டர். குரல் போய்த் திரும்ப ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னதைத்தான் சுவர் திருப்பிச் சொல்லும். பதினேழை யாரும் சொல்லவில்லை.

இன்று அது மூன்று முறை வந்தது.

ஜூன் 27, வெள்ளி

குற்றாலத்தில் சீசன். சாரல் இங்கே வரை அடிக்கிறது. வகுப்பு இல்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை.

ஜூன் 30, திங்கள்

செல்போனில் பதிவு செய்தேன். சட்டைப்பையில் வைத்து, முதல் எண்ணிலிருந்து. வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கேட்டேன். பதினாறு குரல்கள் தெளிவாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முகம் சொல்ல முடியும். பதினாறுக்குப் பிறகு காற்று இரைகிறது. இரைச்சல் கொஞ்ச நேரம். பிறகு என் குரல் “சரி” என்கிறது.

கடைசி எண்ணைக் கேட்ட பிறகுதான் நான் “சரி” சொல்வேன். பதினாறு முடிந்ததுமே சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எதற்காகக் காத்திருந்தேன்? அந்த இரைச்சலை ஒன்பது முறை கேட்டேன். காற்றுதான். பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஜூலை 2, புதன்

பெண்கள் பழகிவிட்டார்கள். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. அதற்கு ‘லேட்டு’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்.

“டீச்சர், லேட்டு இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டா.”

“யாரு லேட்டு?”

“அதான், கடைசியில வந்து மூச்சு வாங்குவால்லா. அவ.”

மூச்சு வாங்குவது அவர்களுக்கும் கேட்கிறது என்பதை இன்றுதான் அறிந்தேன். யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. வரிசையில் நிற்கும்போது முப்பிடாதிக்கு அடுத்து ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு, அங்கே கிடந்த கல்லை ஆசியா காலால் தள்ளி ஒதுக்குகிறாள். அதை ஒழுங்கீனம் என்று கண்டிப்பதா? எந்த விதியின் கீழ்?

ஜூலை 4, வெள்ளி

முப்பிடாதியைப் பற்றி எழுத வேண்டும். வில் பிடித்து மூன்று வாரம்தான் ஆகிறது. இருபது மீட்டரில் அவளுடைய அம்புகள் மூன்றும் ஒரு கைக்குட்டையால் மூடும் அளவுக்குள் விழுகின்றன. நாணை விடும்போது அவள் விரல்கள் துள்ளுவதில்லை. எங்கே பழகினாய் என்று கேட்டேன். “பீடிக்கு நூல் கட்டுததுதான் டீச்சர். இழுத்தும் கட்டக் கூடாது, தொளதொளன்னும் விடக் கூடாது” என்றாள்.

விளையாட்டு விடுதிக்கான தேர்வு ஜூலை 19, சனிக்கிழமை, திருநெல்வேலியில். கிடைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தங்கிப் படிக்கலாம். படிவத்தில் தலைமையாசிரியை கையெழுத்திட வேண்டும்.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தூள் பரப்பிய சொளவு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பேசினாள். தலை நிமிரவில்லை. “ஆஸ்டல்ல எடம் கெடச்சா அனுப்பிருதேன் டீச்சர். கெடைக்கலைன்னா இந்த வருசத்தோட நிப்பாட்டிருவேன். கோவிச்சுக்கிடாதீய. ஒத்தக் கையால எவ்வளவு சுத்த?” பக்கத்தில் இன்னொரு சொளவு சுவரில் சாத்தியிருந்தது. முப்பிடாதி அதைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். வகுப்பு நடந்தது. பதினேழு.

ஜூலை 9, புதன்

விளையாட்டுப் பொருள் அறையில் அம்புகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கும்போது முப்பிடாதி உதவிக்கு நின்றாள். கேள்வி கேட்கும் பெண்.

“எண்ணும்போது நீங்க என்னத்துக்கு டீச்சர் திரும்பி நிக்கிய?”

“மைதானத்துல ஆள் இருக்கான்னு பாக்க வேண்டாமா?”

“எங்களையும் பாத்து நின்னா, யாரு சொல்லுதான்னு தெரிஞ்சுருமே.”

பெட்டியின் மூடியைச் சாத்தினேன். அவள் பரணைப் பார்த்தாள்.

“மேல மூணு ஈட்டி கெடக்கு. அத எறிய விட மாட்டேங்கீய.”

“அது நம்ம பாடத்துல இல்ல.”

இருக்கிறது. பாடத்திட்டத்தின் பத்தொன்பதாம் பக்கம்.

ஜூலை 11, வெள்ளி

தலைமையாசிரியை ஜெசிந்தா மேடம் வகுப்பைப் பார்க்க வந்தார். படிவத்தில் கையெழுத்திடும் முன் பெண்ணின் திறமையை நேரில் பார்க்க வேண்டும் என்றார். நியாயம்தான். நாற்காலி போட்டு, கோட்டுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். முதல் சுற்று நன்றாக நடந்தது. முப்பிடாதிக்கு நடு மஞ்சளில் இரண்டு, அதைச் சுற்றிய சிவப்பில் ஒன்று. மேடம் கை தட்டினார்.

அம்பு எடுத்து வந்து எண் சொன்னார்கள். பதினாறு. பதினேழு.

மேடம் எழுந்து வந்தார். “எத்தன பேரு டீச்சர் இது?”

“பதினாறு மேடம்.”

“திரும்பச் சொல்லச் சொல்லுங்க.”

அவர் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் சொன்னார்கள். பதினாறில் நின்றது. மேடம் முதுகைத் திருப்பினார். “இப்பச் சொல்லுங்கட்டி.” பதினேழு வந்தது.

அவர் நேராக முப்பிடாதியிடம் போனார். “கடைசியில நிக்கது நீதான? பதினாறும் நீ, பதினேழும் நீ. என்ன, டீச்சரக் கேலி பண்ணுதியா?”

“நான் இல்ல மேடம். அது லேட்டு.”

அதைக் கேட்டு யாரோ சிரித்துவிட்டார்கள். பயத்தில் வந்த சிரிப்புதான். மேடத்துக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

அறைக்குப் போனதும் என்னிடம் சொன்னார்: “அம்பு வச்சு வெளயாடுற எடத்துல எண்ணிக்கையில பொய் சொல்லுற புள்ளைய நான் எப்படி அனுப்புவேன், உலகு டீச்சர்? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுறது? அந்தப் படிவத்த விட்டுருங்க. கிளாசுக்கும் வர வேண்டாம்.”

“சரி மேடம்” என்றேன்.

ஜூலை 12, சனி

ஜூன் 23ஆம் தேதி பக்கத்தைத் திரும்பப் படித்தேன். முப்பிடாதியை ஐந்தாவதாக நிறுத்தியும் ‘பதினேழு’ கடைசியிலிருந்துதான் வந்தது. அவள் இல்லை என்பதற்கு இது போதும். நேற்று அந்த அறையில் இது எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி ‘அப்படியானால் யார்’ என்பது. தெரியாது என்று சொல்லும் உடற்கல்வி ஆசிரியையிடம் யார் நான்கு வில்லையும் நாற்பத்தெட்டு அம்பையும் விட்டுவைப்பார்கள்?

சிலிண்டர் வந்தது. வீட்டைக் கழுவிவிட்டேன். கழுவத் தேவையிருக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முப்பிடாதி இல்லாமல் பதினைந்து பேர். காற்று நின்றிருந்தது. இலை அசையவில்லை. முதல் சுற்று முடிந்து வரிசையில் நின்றார்கள். நான் இலக்குகளைப் பார்த்து நின்றேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினைந்து வரை சரியாக வந்தது. பிறகு ஒரு இடைவெளி. ஒருத்தி தன் எண்ணைச் சொல்லி முடிக்கும் நேரம். அதற்குப் பிறகு, ‘பதினேழு.’

பதினாறை விட்டுவிட்டு. முப்பிடாதிக்கு அவள் இடத்தைக் கொடுத்துவிட்டு.

ஆசியா அழ ஆரம்பித்தாள். ஜெபக்கனி சிலுவை போட்டுக்கொண்டாள். இதுவரை சிரித்தவர்கள் யாரும் இன்று சிரிக்கவில்லை. வில்களை இறக்கச் சொல்லி, வகுப்பை அனுப்பிவிட்டேன். அம்புகளை எடுத்துவர நான் மட்டும் போனேன். நாற்பத்தைந்து. எண்ணிக்கை சரி. வலைக்குப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அம்பு எதுவும் குறையவில்லை.

ஜூலை 16, புதன்

விடுப்பு எடுத்தேன். தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன். முப்பிடாதி வீடு வரை வந்துவிட்டாள். வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“நான் சொல்லலைன்னு ஒங்களுக்குத் தெரியும்லா டீச்சர்?”

“ம்.”

“பெறவு ஏன் மேடத்துட்ட சொல்லல?”

வழக்கறிஞர்கூட இவ்வளவு நேராகக் கேட்க மாட்டார். விரல் நுனிகளில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. பள்ளி விட்டதும் பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

“எங்கம்மா ரெண்டாவது சொளவ எடுத்து வச்சுட்டா” என்றாள். பிறகு போய்விட்டாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இந்த டைரியில் நான் எழுதாமல் விட்ட ஆகஸ்ட் 21ஆம் தேதியை இன்று எழுதுகிறேன். பதினோரு வருடம் தள்ளி.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளி. ஈட்டி எறியும் வகுப்பு. முப்பத்தொரு பேர். வட்டார விளையாட்டுப் போட்டிக்கு ஆறு நாள் இருந்தது. மழை பெய்து மைதானத்தின் கடைசியில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. வெட்டச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். அது விசாரணையில் எனக்குச் சாதகமாக இருந்தது.

அங்கேயும் இதே முறைதான். ஈட்டியை எடுத்துத் திரும்பியதும் எண் சொல்ல வேண்டும். முழு எண் வந்தால்தான் விசில். நான் வரிசைக்கு முதுகு காட்டிக் குனிந்து தூரங்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மைதானத்தையும் பார்க்கவில்லை, பெண்களையும் பார்க்கவில்லை. நேரம் நான்கு பத்து. நான்கு இருபதுக்கு மணி அடித்துவிடும். இன்னும் ஒரு சுற்று பாக்கி.

பதினேழாம் எண் சந்தனமாரியுடையது. எப்போதும் கடைசி நேரத்தில் ஓடிவந்து, மூச்சு வாங்கியபடி எண் சொல்லுவாள். திட்டினால் சிரிப்பாள். அன்று அவள் கொலுசின் திருகு எங்கோ விழுந்துவிட்டது. தேடிக்கொண்டு புல்லுக்குள் உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் எண் வேலுத்தாய், அவளுடைய சிநேகிதி. எண்ணிக்கை குறைந்தால் நான் கோபப்படுவேன் என்று பயந்து, தோழிக்காக அவளே ‘பதினேழு’ சொல்லிவிட்டாள். வருகைப்பதிவில் ஒருத்திக்காக இன்னொருத்தி ‘உள்ளேன் அம்மா’ சொல்வதுபோல. பெண்கள் எல்லாப் பள்ளிகளிலும் செய்வதுதான்.

இதுவரை விசாரணை அறிக்கையில் இருக்கிறது. இனி இருப்பது அதில் இல்லை.

எனக்குக் கேட்டது. ‘பதினாறு’ வேலுத்தாயின் சொந்தக் குரல். ‘பதினேழு’ அதே குரல், கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டு சொன்னது. மூச்சு வாங்கவில்லை. அது சந்தனமாரி இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். திரும்பி நின்று ‘சந்தனமாரி எங்கே’ என்று கேட்க மூன்று வார்த்தை வேண்டாம், இரண்டே போதும். நேரம் இல்லை என்று நினைத்தேன். விசில் ஊதினேன்.

ஈட்டி புல்லுக்குள் போய் இறங்கியது. எறிந்த பெண்ணின் மேல் தவறு இல்லை. சந்தனமாரி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உயிரோடு இருந்தாள்.

விசாரணையில் வேலுத்தாய் தானாகவே சொன்னாள்: ‘நான்தான் ரெண்டு நம்பரும் சொன்னேன் சார்.’ அதற்குப் பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி. குரலில் வேறுபாட்டைக் கவனித்தீர்களா? இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மாணவியின் பொய்யான பதிலே காரணம் என்று அறிக்கை வந்தது. வேலுத்தாய் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். பதினான்கு வயது. நான் மாறுதல் கேட்டு வாங்கி இங்கே வந்தேன்.

இங்கே வரிசையின் கடைசியில் கேட்பது சந்தனமாரியின் குரல் என்று நான் எழுதவில்லை. ஒலி நினைவில் திரிந்துபோகும் என்பது நான் படித்த பாடம். பதினோரு வருட நினைவைச் சாட்சியாக ஏற்க முடியாது. மேடத்துக்கும் பெண்களுக்கும் எப்படிக் கேட்டது என்பதற்கும் என்னிடம் விளக்கம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பதினாறாவதாக நிற்கும் பெண்ணின் மேல் பழி விழும்போது இரண்டு முறையும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாளை வெள்ளி. படிவம் நாளைக்குள் கையெழுத்தாக வேண்டும். நாளை இதைச் செய்வேன், அதைச் செய்வேன் என்று எழுதினால் எழுத்தோடு போய்விடும். நடந்ததை நாளைக்கே எழுதுகிறேன்.

ஜூலை 18, வெள்ளி

காலை ஒன்பதேகாலுக்கு மேடத்தின் அறைக்குப் போனேன்.

“முப்பிடாதி சொல்லல மேடம். அவள நடுவுல நிறுத்தியும் அந்தக் குரல் வந்துச்சு. அவ இல்லாத அன்னைக்கும் வந்துச்சு.”

“அப்ப யாரு?”

“தெரியாது.”

“எம்.பில். படிச்சிருக்கீங்க. தெரியாதுன்னா எப்படி?”

“தெரியாது மேடம்.”

நான் எழுதிக் கொண்டுபோயிருந்த இரண்டு பக்கத்தை மேசையில் வைத்தேன். நேற்று இங்கே எழுதியதுதான், கையெழுத்தோடு. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

“இத எங்கிட்ட எதுக்குக் குடுக்கீங்க?”

“மேல அனுப்பிருங்க. வேலுத்தாய் பேரு அறிக்கையில இருக்கு. அது மாறணும்.”

“வேல போயிரும் டீச்சர்.”

“போகலாம்.”

அவர் தாள்களை விளிம்பு சேர்த்து அடுக்கினார். பிறகு இழுப்பறையைத் திறந்து முப்பிடாதியின் படிவத்தை எடுத்துக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். “இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இது வேற, அது வேற” என்றார்.

“ஒண்ணுதான் மேடம்” என்றேன்.

என் தாள்களின் மேல் அவர் கண்ணாடிக் குண்டை எடுத்து வைத்தார். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்னொரு பிரதி என் பையில் இருக்கிறது. மதிய இடைவேளையில் தபால் ஆபீசுக்குப் போய், அதை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் சேர்த்தேன்.

கடைசிப் பீரியட். முப்பிடாதி வந்திருந்தாள். ஆசியா அவள் முதுகில் ஒரு அடி வைத்து, “வந்துட்டியா, நீ இல்லாம பதினாறுன்னு சொல்லவே எங்களுக்கு வாய் வரல” என்றாள். முதல் சுற்றில் முப்பிடாதிக்கு மூன்றும் மஞ்சள். அம்பு எடுத்து வந்து வரிசையில் நின்றார்கள். கடைசியில் வழக்கம்போல ஒரு ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

நான் இலக்குகளைப் பார்த்து நின்றேன். எண்ணிக்கை வந்தது. பதினாறு, முப்பிடாதியின் குரலில். அதற்குப் பின்னால், மூச்சு வாங்கியபடி, பதினேழு.

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். “யாரும் கோட்டத் தாண்டக் கூடாது. வில்லக் கீழ வைங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன். இருபது மீட்டர். இலக்குகளைத் தாண்டி, பச்சை வலையைத் தூக்கி, அதற்குப் பின்னால் போனேன். புல் முழங்கால் அளவு வளர்ந்திருக்கிறது. அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை, சுவரை ஒட்டி, காலால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒரு இடத்தில் குனிந்தேன். யாரும் இல்லை. அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது பதினாறு பேரும் அசையாமல் நின்றிருந்தார்கள்.

“அங்கன யாருட்ட டீச்சர் பேசிக்கிட்டு இருந்தீய?” என்று முப்பிடாதி கேட்டாள்.

“அம்பு கெடக்கான்னு பாத்தேன்.”

“அம்பெல்லாம் எங்க கையில இருக்கே டீச்சர்.”

“எண் சொல்லுங்க” என்றேன். இந்த முறை நான் திரும்பி நிற்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து நின்றேன். ஒன்றிலிருந்து ஒவ்வொரு வாயாகத் திறந்து மூடியது. பதினாறில் நின்றது. நான் முதுகைத் திருப்பி இலக்குகளைப் பார்த்து நின்றுகொண்டு மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். பதினாறு.

இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வேப்பமரத்தில் காற்று வந்து போயிற்று. எதுவும் கேட்கவில்லை. பிறகு இரண்டு விசில் ஊதினேன். நான்கு பேர் கோட்டுக்கு வந்தார்கள். ஒரு விசில்.